மூளையின் மாற்று எரிபொருள்: மறதி நோயாளிக்குக் கீட்டோன் தரும் கொழுப்பைக் கொடுக்கும் முறை

மனித உடலின் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால், ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. வழக்கமான உணவு உண்பவரின் மூளை அந்த ஆற்றலை அநேகமாக முழுவதும் குளுக்கோஸிலிருந்தே பெறுகிறது. நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை அதற்குத் தேவைப்படுகிறது. அல்சைமர் நோய் வந்தவரின் மூளையில், நினைவோடும் இடமறிதலோடும் தொடர்புடைய பகுதிகள் இந்தக் குளுக்கோஸைப் போதிய அளவில் எடுத்துக்கொள்வதில்லை என்பதை, மூளை எரிபொருளை எடுத்துக்கொள்ளும் அளவைப் படமாக்கும் பெட் ஸ்கேன் தெளிவாகக் காட்டுகிறது. இந்தக் குறைவு நோய் முற்றிய பிறகு வருவதன்று. அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபுக் கூறாகிய ஏபிஓஇ4 இரு பிரதிகளாக அமைந்த நடுவயதினரை, அவர்கள் நல்ல நினைவாற்றலுடன் இருந்தபோதே ஸ்கேன் செய்து பார்த்ததில், அதே பகுதிகளில் குளுக்கோஸ் பயன்பாடு குறைந்திருந்தது 1996இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் தெரிந்தது.

குளுக்கோஸை எடுக்கத் திணறும் அதே மூளை, கீட்டோன் எனப்படும் மற்றோர் எரிபொருளை ஏறக்குறைய இயல்பான அளவில் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இந்த வழிகாட்டிக்கு அடிப்படை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கன்னேனின் குழு, ஒரே நோயாளிக்குக் குளுக்கோஸுக்கு ஒன்றும் கீட்டோனுக்கு ஒன்றுமாக இரண்டு பெட் ஸ்கேன்கள் எடுத்து இதைக் காட்டியது. இதனால் நோய் குணமாகும் என்று பொருளில்லை. பசியில் இருக்கும் நரம்பணுக்களுக்கு வேறொரு வழியில் உணவு அனுப்ப முடியும் என்ற அளவில்தான் இதைக் கொள்ள வேண்டும். அந்த வழியை வீட்டில், பாதுகாப்பாக, மருத்துவரின் மேற்பார்வையோடு திறந்து பார்ப்பது எப்படி, எப்போது அதைத் திறக்கவே கூடாது என்பவற்றை, அல்சைமரின் தொடக்க நிலையிலோ நடுநிலையிலோ இருப்பவரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: மூளைக்குள் போவது கொழுப்பு அன்று, கீட்டோன்

"கொழுப்பு மூளைக்கு எரிபொருள்" என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. நாம் உண்ணும் நெய்யோ நல்லெண்ணெயோ நேராக மூளைக்குச் சென்று எரிவதில்லை. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை மூளை எரிபொருளாகப் பெரிதும் பயன்படுத்துவதில்லை. கல்லீரல்தான் கொழுப்பு அமிலங்களை உடைத்து, பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட், அசிட்டோஅசிட்டேட் என்னும் கீட்டோன்களாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. கல்லீரலுக்குத் தான் செய்த கீட்டோனைத் தானே எரிக்கும் நொதி கிடையாது. ஆகவே அது செய்வதெல்லாம் மூளைக்கும் இதயத்துக்கும் தசைகளுக்கும் போய்ச் சேர்கிறது.

உணவு கிடைக்காத காலத்தில் மனித இனம் பிழைத்ததே இந்த ஏற்பாட்டால்தான். 1967இல் ஜார்ஜ் கேஹில் குழுவினர், உடற்பருமனுக்காக 5 முதல் 6 வாரம் வரை மருத்துவமனையில் பட்டினி இருந்தவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுடைய மூளையின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கீட்டோனிலிருந்து கிடைத்ததைக் கண்டார்கள். வலிப்பு நோய்க்குக் கீட்டோன் உணவுமுறை 1920களிலிருந்தே வழக்கில் இருக்கிறது. குளுக்கோஸை மூளைக்குள் கொண்டுசெல்லும் புரதம் பிறவியிலேயே குறைவுபட்ட குழந்தைகளுக்கு இன்றும் அதுவே முதன்மையான சிகிச்சை. மாற்று எரிபொருள் என்ற கருத்து நேற்று முளைத்த உணவு மோகம் அன்று என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

இரத்தத்தில் கீட்டோனை உயர்த்தும் வழிகள் நான்கு: உண்ணாதிருத்தல், மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்தல், நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை உண்ணுதல், தொழிற்சாலையில் செய்த கீட்டோன் எஸ்டர் அல்லது உப்புகளைக் குடித்தல். மறதி நோயுள்ள முதியவர் பட்டினி இருக்கக் கூடாது. அவருக்குத் தசை கரைந்துவிடும். கீட்டோன் உப்புகளில் சோடியம் மிகுதி என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அவை ஏற்றவை அல்ல. எஸ்டர்களோ விலை கூடியவை, கசப்பானவை. மாவுச்சத்தை அறவே குறைக்கும் முறையைப் பற்றிப் பின்னால் தனியே சொல்கிறேன். நம் வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவருவது மூன்றாவது வழியாகிய நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. கடைகளில் அது எம்.சி.டி எண்ணெய் என்ற பெயரில் கிடைக்கிறது. இந்தக் கொழுப்பு குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குச் செல்வதால், சோறும் இட்லியும் உண்பவரின் உடலிலும் அது ஓரளவு கீட்டோனாக மாறுகிறது.

ஆய்வுகள் எதுவரை துணை நிற்கின்றன

2004இல் 20 பேருக்கு ஒரே ஒரு வேளை எம்.சி.டி கொடுத்துச் செய்த சிறிய ஆய்வில், ஏபிஓஇ4 இல்லாதவர்களின் நினைவுத் தேர்வு மதிப்பெண் சற்று உயர்ந்தது. 2009இல் 152 நோயாளிகளிடம் செய்த ஆய்விலும் 45ஆம் நாளில் ஒரு முன்னேற்றம் தெரிந்தது. அதுவும் ஏபிஓஇ4 இல்லாதவர்களிடமே மிகுதியாகத் தெரிந்தது. அதே வகைப் பொருளின் மாற்றிய வடிவத்தைக் கொண்டு 400க்கும் மேற்பட்டோரிடம் 26 வாரம் நடந்த பெரிய ஆய்வில், எதிர்பார்த்த பயன் தெரியவில்லை. அந்த வடிவத்தில் இரத்தக் கீட்டோன் போதிய அளவுக்கு உயரவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். விளக்கம் எதுவானாலும், முடிவு சாதகமாக இல்லை என்பதை மறைக்கக் கூடாது.

ஷெர்புரூக் குழுவின் பெனிஃபிக் ஆய்வு இவற்றினும் நம்பிக்கை தருவது. அல்சைமராக இன்னும் மாறாத லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு, நாள்தோறும் 30 கிராம் எம்.சி.டியை இரு வேளைகளாகப் பிரித்து 6 மாதம் கொடுத்தார்கள். மூளை எடுத்துக்கொண்ட கீட்டோனின் அளவு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. நினைவு, சொல்லாற்றல், செயலைத் திட்டமிடும் திறன் ஆகியவற்றுக்கான சில தேர்வுகளில் முன்னேற்றம் பதிவானது. குளுக்கோஸ் பயன்பாட்டில் மாற்றமில்லை. நோயின் தொடக்கத்திலேயே இம்முயற்சியை மேற்கொள்வது நல்லது என்று நான் கருதுவதற்கு இந்த ஆய்வே காரணம்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி நம்மவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஆய்வு இலங்கையில் நடந்தது. 120 அல்சைமர் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 30 மி.லி. வெர்ஜின் தேங்காய் எண்ணெயும் மற்றொரு பிரிவினருக்கு அதே அளவு கனோலா எண்ணெயும் 24 வாரம் கொடுத்தார்கள். மொத்தத்தில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏபிஓஇ4 உள்ளவர்களிடம் மட்டும் ஒரு தேர்வில் சிறு உயர்வு தெரிந்தது. முன் சொன்ன ஆய்வுகளில் அந்த மரபுக் கூறு இல்லாதவர்கள்தாம் பயன்பெற்றார்கள் என்பதால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

படி 1: நோய் எது, நிலை எது என்பதை உறுதிசெய்யுங்கள்

மறதி என்றாலே அல்சைமர் அன்று. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, தலைக்குள் கசிந்த இரத்தம் ஆகிய ஒவ்வொன்றும் மறதியைத் தரும். அவற்றுக்கெல்லாம் வேறு சிகிச்சை உண்டு. குறிப்பாக, நெடுங்காலம் மரக்கறி உணவு மட்டுமே உண்டவர், சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தவர் ஆகியோருக்குப் பி12 பார்க்காமல் எந்த எண்ணெயையும் தொடங்குவது வீண் வேலை.

மூளை இரத்தக் குழாய் அடைப்பினால் வந்த மறதியில், நிறைவுற்ற கொழுப்பைக் கூட்டுவது எதிர்த்திசையில் போவதாகும்; அங்கே இரத்த அழுத்தத்தையும் கொலஸ்ட்ராலையும் கட்டுக்குள் வைப்பதே முதல் வேலை. இதுவரையான ஆய்வுகளில் பெரும்பாலானவை அல்சைமரையும் அதற்கு முந்தைய லேசான குறைபாட்டையும் பற்றியவை. முன்நெற்றி மடல் சிதைவு நோயில் இனிப்பின் மேல் அடங்காத ஆசை வரும். அது வேறொரு சிக்கல், அதற்கு இந்த எண்ணெய் விடையன்று.

படி 2: யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பாருங்கள்

இந்தப் பகுதியை யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு டாப்பாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற மாத்திரைகளை எடுப்பவருக்குக் கீட்டோன் அளவு கட்டுக்கு மீறி உயர்ந்து இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. இதன் கொடுமை என்னவென்றால், இரத்தச் சர்க்கரை இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோ மட்டும் காட்டும்போதே இது நிகழக்கூடும். குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்குதல், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லத் தெரியாத மறதி நோயாளியிடம் இவை "இன்று சோர்வாக இருக்கிறார்" என்ற தோற்றத்தில் கடந்துபோய்விடும். இந்த மாத்திரைகள் இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் கூட இப்போது எழுதப்படுகின்றன. ஆகவே "எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இல்லையே" என்று விட்டுவிடாமல், மாத்திரை அட்டைகளை எடுத்துப் பெயர்களைப் பாருங்கள். இவற்றை எடுப்பவருக்கு வீட்டாரின் சொந்த முடிவில் எம்.சி.டியோ மாவுச்சத்துக் குறைப்போ தொடங்கவே கூடாது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவருக்கும் அப்படியே.

இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர், எண்ணெயால் வயிறு நிறைந்து சோற்றைக் குறைத்துக்கொண்டால், சர்க்கரை தாழ்ந்துவிடும். கல்லீரல் சுருக்க நோய், கணைய அழற்சி, கற்களோடு வலி தரும் பித்தப்பை, பிறவியிலேயே கொழுப்பை உடைக்க இயலாத குறைபாடு ஆகியவை இருந்தாலும் கொடுக்கக் கூடாது.

விழுங்குவதில் சிரமம் இருப்பவரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறவர், சாப்பிட்டபின் குரல் நனைந்தாற்போல் ஒலிப்பவர், உணவைக் கன்னத்தில் அடக்கிவைப்பவர் ஆகியோருக்கு எண்ணெயைக் கரண்டியால் வாயில் ஊற்றக் கூடாது. எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போனால் தண்ணீரைப்போல் இருமலைத் தூண்டாது. சத்தமின்றி நுரையீரலில் இறங்கி அழற்சியை உண்டாக்கும். எண்ணெய் கொப்பளிக்கும் பழக்கம் உள்ள வீடுகளில், மறதி நோய் வந்தவர் அதைத் தொடராமல் பார்த்துக்கொள்வதும் இதே காரணத்தால் அவசியம்.

படி 3: தொடங்கும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்

எடை, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல் உள்ளிட்ட கொழுப்புப் பரிசோதனை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் ஆகியவை போதும். நரம்பியல் அல்லது முதியோர் நல மருத்துவரிடம் நினைவுத் தேர்வு ஒன்றைச் செய்து மதிப்பெண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதே தேர்வை நாளின் அதே வேளையில் செய்தால்தான் ஒப்பிட முடியும்.

அதைவிடப் பயனுள்ளது வீட்டுக் குறிப்பேடு. தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே எழுதத் தொடங்குங்கள். "நன்றாக இருந்தார்" என்று எழுதுவதில் பயனில்லை. சட்டைப் பொத்தானைத் தானே போட்டாரா, பேரப்பிள்ளையின் பெயரைச் சொன்னாரா, மாலைக்குள் ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டார், குளியலறைக்கு வழி தெரிந்ததா, இரவில் எத்தனை முறை எழுந்தார் என்று எண்ணக்கூடியவற்றை எழுதுங்கள். நம்பிக்கையோடு பார்க்கும் கண், இல்லாத முன்னேற்றத்தையும் காணும். அன்புள்ள எவருக்கும் இது நேரும். எழுதிவைத்த எண்கள்தாம் உங்களைக் காப்பாற்றும்.

நோயாளியிடமும் கேளுங்கள். தொடக்க நிலையில் இருப்பவருக்குத் தம் தட்டில் என்ன சேர்கிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் தெளிவும் இருக்கின்றன.

படி 4: எந்த எண்ணெய்

எம்.சி.டி எண்ணெய் வாங்கும்போது சீட்டைப் படிக்க வேண்டும். சி8 எனப்படும், எட்டுக் கார்பன் அணுக்கள் கொண்ட கேப்ரிலிக் அமிலம்தான் கீட்டோனாக மிக நன்றாக மாறுவது. சி10 எனப்படும் கேப்ரிக் அமிலம் அதற்கு அடுத்தது. சி12 எனப்படும் லாரிக் அமிலம், பெயரளவில் நடுத்தரச் சங்கிலியில் வைக்கப்பட்டாலும், உடலுக்குள் பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியாகச் செல்வதால் குறைந்த கீட்டோனையே தருகிறது. சில தயாரிப்புகளில் லாரிக் அமிலம் கணிசமாகக் கலந்திருக்கும். சி8 மட்டும் உள்ளதையோ சி8, சி10 இரண்டும் கலந்ததையோ வாங்குங்கள். சங்கிலிகளின் விகிதத்தைச் சீட்டில் அச்சிடாத புட்டியை வாங்க வேண்டாம்.

இப்போது தேங்காய் எண்ணெய். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பச்சிளங்குழந்தை மருத்துவராக இருந்த மேரி நியூபோர்ட், அல்சைமர் வந்த தம் கணவருக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்ததில் முன்னேற்றம் கண்டதாக 2008இல் எழுதியதிலிருந்து இச்செய்தி உலகெங்கும் பரவியது. நம் வாட்ஸ்அப் குழுக்கள்வரை வந்து சேர்ந்தது. ஒரு மனைவியின் அக்கறையும் கவனிப்பும் அதில் இருந்தன. ஆனால் ஒருவரின் அனுபவம் எல்லாருக்கும் அளவுகோல் ஆகாது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். சி8, சி10 இரண்டும் சேர்ந்து 15 விழுக்காட்டை ஒட்டியே வரும். பெனிஃபிக் ஆய்வில் கொடுத்த 30 கிராம் அளவைத் தேங்காய் எண்ணெயிலிருந்தே பெற வேண்டுமானால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம் குடிக்க வேண்டும். அது 1,700 கலோரிக்கு மேல். யாராலும் இயலாது, இயன்றாலும் கூடாது. செக்கில் ஆட்டியதா, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெயா என்பது மணத்தையும் சுவையையும் மாற்றுமே தவிர, இந்தக் கொழுப்பு விகிதத்தைப் பெரிதாக மாற்றாது. மேலும், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல் கொலஸ்ட்ராலை ஏறத்தாழ 10 மி.கி. உயர்த்துகிறது என்று 2020இல் வெளியான ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. நாகர்கோவிலிலோ யாழ்ப்பாணத்திலோ காலமெல்லாம் தேங்காய் எண்ணெயில் சமைத்து உண்ட ஒருவர், சுவைக்காக அதைத் தொடர்வதில் எனக்கு மறுப்பில்லை. அதை மூளை மருந்து என்று எண்ணிக் கரண்டி கரண்டியாகக் குடிப்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

நெய்யிலும் வெண்ணெயிலும் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்பே. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் ஒமேகா 3 மூளைச் செல்களின் சவ்வைக் கட்டப் பயன்படுவது, எரிபொருள் அன்று. மீன் நல்ல உணவு. ஆனால் 402 அல்சைமர் நோயாளிகளுக்கு 18 மாதம் நாளுக்கு 2 கிராம் டி.ஹெச்.ஏ என்னும் ஒமேகா 3 கொடுத்த அமெரிக்க ஆய்வில் நோயின் வேகம் குறையவில்லை. ஆகவே மீன் எண்ணெய் மாத்திரைக்குச் செலவழிப்பதைவிட மீன் வாங்குவது மேல்.

படி 5: அளவைக் கூட்டும் முறை

எம்.சி.டி முயற்சி தோல்வியடைவதற்கு முதற்காரணம் வயிறு. ஒரேயடியாக இரண்டு மேசைக்கரண்டி கொடுத்தால், வயிற்று முறுக்கலும் நீர்த்த பேதியும் வரும். கழிவறைக்கு வழி மறந்தவருக்கு அது எத்தகைய அவமானமாகவும் விழுகிற ஆபத்தாகவும் முடியும் என்பதைப் பராமரிப்பவர் அறிவார். டோனிபெசில் போன்ற அல்சைமர் மாத்திரைகளும் குமட்டலும் பேதியும் தரக்கூடியவை. அந்த மாத்திரையைத் தொடங்கிய வாரத்திலோ அதன் அளவைக் கூட்டிய வாரத்திலோ எண்ணெயைத் தொடங்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால், எதனால் என்ன வந்தது என்று பிரித்தறிய முடியாது.

வீட்டுக் கரண்டிகள் பல அளவில் இருப்பதால், இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியைப் பயன்படுத்துங்கள். முதல் வாரம் காலை உணவின் நடுவில் 5 மி.லி. மட்டும், அதில் ஏறத்தாழ 4.7 கிராம் எம்.சி.டி இருக்கும். வயிறு அமைதியாக இருந்தால், இரண்டாம் வாரம் மதிய உணவோடு இன்னொரு 5 மி.லி. சேருங்கள். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு வேளையில் மட்டும் 5 மி.லி. கூட்டிக்கொண்டே, காலையில் 15, மதியம் 15 என்ற அளவுக்கு ஆறாம் வாரத்தில் வரலாம். இது பெனிஃபிக் ஆய்வின் அளவை ஒட்டியது. பேதி வந்தால் முந்தைய அளவுக்குத் திரும்பி, ஒரு வாரம் அங்கேயே நில்லுங்கள். பலருக்கு நாளுக்கு 15 அல்லது 20 மி.லி.க்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம். இரவு உணவோடு கொடுக்கக் கூடாது; நடு இரவில் வயிறு கலக்கி எழுந்து தடுமாறி விழுந்தால், இடுப்பெலும்பு முறிவு இந்த முயற்சியின் எல்லாப் பயனையும் விழுங்கிவிடும்.

எம்.சி.டி உண்ட ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் இரத்தக் கீட்டோன் உச்சத்தை அடைந்து, பிறகு சில மணி நேரத்தில் இறங்கிவிடும். 0.4 முதல் 0.6 மில்லிமோல் வரை உயர்வது வழக்கம். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கீட்டோன் மீட்டர் கிடைக்கிறது என்றாலும், நாள்தோறும் ஒரு முதியவரின் விரலைக் குத்துவதற்கு நியாயமில்லை. அளவு நிலைபெற்ற பின் மருத்துவர் விரும்பினால் ஒருமுறை பார்த்தால் போதும்.

படி 6: தட்டில் எப்படிச் சேர்ப்பது

எம்.சி.டி எண்ணெய்க்கு நிறமும் மணமும் கிடையாது. குறைந்த வெப்பத்திலேயே புகையத் தொடங்கும். எனவே அதில் தாளிக்கவோ பொரிக்கவோ தோசை வார்க்கவோ கூடாது. சமைத்து இறக்கிய உணவில் கலக்க வேண்டும். தயிர்ச்சோறு, கெட்டியான கேழ்வரகுக் கூழ், பருப்புச் சோறு, இட்லியோடு தேங்காய்ச் சட்னி, முட்டைப் பொரியல் ஆகியவற்றில் தெரியாமல் கலந்துவிடும். ரசம், காபி போன்ற நீர்த்த பொருள்களில் மேலே மிதந்து ஒரே மடக்கில் தொண்டைக்குள் போகுமாதலால், அவற்றில் சேர்க்க வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக், தெர்மோகோல் குவளைகளை இந்த எண்ணெய் இளக்கக்கூடியது; எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தையே பயன்படுத்துங்கள்.

30 மி.லி. எண்ணெய் ஏறத்தாழ 240 கலோரி தரும். மெலிந்து வருபவருக்கு அது வரவு. எடை மிகுந்தவருக்கு அந்த வேளையில் சோற்றையோ எண்ணெய்ப் பலகாரத்தையோ சற்றுக் குறைக்கலாம். காலையில் சர்க்கரை போட்ட காபி, பிஸ்கட், வெள்ளை ரொட்டி என்று தொடங்குபவருக்கு அவற்றின் இடத்தில் முட்டை, சுண்டல், பயறு, பனீர் வந்தால், கீட்டோன் சற்றுக் கூடுதலாக உருவாகும், புரதமும் கிடைக்கும். மதிய எண்ணெயைக் கொடுத்த பின், வெயில் தாழ்ந்ததும் கைபிடித்து நடக்க அழைத்துச் செல்லுங்கள். ஷெர்புரூக் குழுவே, மூன்று மாதம் நடைப்பயிற்சி செய்த லேசான அல்சைமர் நோயாளிகளின் மூளை கீட்டோனைக் கூடுதலாக எடுத்ததைக் கண்டிருக்கிறது. சிறிய ஆய்வுதான், ஆனால் நடைக்குப் பக்கவிளைவு இல்லை.

கடுமையான கீட்டோன் உணவுமுறை வேண்டுமா

நியூசிலாந்தில் 26 அல்சைமர் நோயாளிகள் 12 வாரம் கீட்டோன் உணவும் 12 வாரம் குறைகொழுப்பு உணவுமாக மாறி மாறி உண்ட ஆய்வு 2021இல் வெளியானது. 21 பேர் கீட்டோன் உணவைக் கடைசிவரை கடைப்பிடித்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் உறுதியான வேறுபாடு இல்லை. உடை உடுத்துவதும் உணவை எடுத்து உண்பதும் மேம்படுவது சிறிய பேறு அன்று என்பதால், இதை நான் மதிக்கிறேன்.

ஆயினும், சோறும் இட்லியும் இடியாப்பமும் ஒரு மனிதரின் எழுபது ஆண்டு நினைவோடு பின்னிக் கிடக்கும் வீட்டில், அவற்றை ஒரே நாளில் எடுத்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் சோறு இல்லை என்பதை அவருக்குக் காலையில் விளக்கினால், மதியம் மறந்திருப்பார். ஒவ்வொரு வேளையும் ஒரு பறிப்பாகவே அவருக்குத் தோன்றும். மறதி நோயில் எடை இழப்புதான் பெரிய அபாயம் என்பதால், உணவுக் கட்டுப்பாடுகளைத் தவிர்க்கும்படி ஐரோப்பிய மருத்துவ ஊட்டவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டுதலும் சொல்கிறது. நோயாளி தாமே விரும்புகிறார், உணவியல் வல்லுநர் உடன் இருக்கிறார், மாத்திரைகளைச் சரிசெய்ய மருத்துவர் ஒப்புகிறார் என்னும் மூன்றும் கூடினால் மட்டுமே அதைப் பற்றிச் சிந்திக்கலாம்.

படி 7: பார்த்து, முடிவெடுத்தல்

முழு அளவுக்கு வந்ததிலிருந்து மூன்று மாதம் பொறுங்கள். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே தராசில் எடை பாருங்கள். மூன்றாம் மாத முடிவில் எல்.டி.எல் அளவையும் நினைவுத் தேர்வையும் மீண்டும் செய்து, குறிப்பேட்டின் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு வாரத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அல்சைமர் தானாகவே இறங்கிச் செல்லும் நோய் என்பதால், அதே நிலையில் நிற்பதையும் பயனாகக் கருத இடமுண்டு. ஆனால் மூன்று மாதத்தில் நிலைத்து நிற்பது எண்ணெய் இன்றியும் பலருக்கு நிகழ்வதுதான். ஐயம் இருந்தால், இரண்டு வாரம் எண்ணெயை நிறுத்தி, குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதுங்கள். நிறுத்தியபோது தளர்ந்து, மீண்டும் கொடுத்தபோது தேறினால், தொடர்வதற்கு அது நல்ல காரணம்.

எந்த வேறுபாடும் தெரியாவிட்டாலும், எல்.டி.எல் கணிசமாக உயர்ந்தாலும், சாப்பாட்டு வேளை போராட்டமாக மாறினாலும் நிறுத்திவிடுங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. உடனே நிறுத்துவதால் தீங்கு நேராது. அந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவிட உறுதியான இடங்கள் உண்டு. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள, மறதி நோய் வரும் வாய்ப்பு மிகுந்த 1,260 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஃபிங்கர் ஆய்வில், நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது இரண்டு ஆண்டில் அறிவுத்திறன் மேம்பட்டது. காது மந்தமானவருக்குக் காதொலிக் கருவி, கண்புரைக்கு அறுவை, பல்லுக்குச் சரியான பல்செட் ஆகியவை அவருடைய ஒவ்வொரு நாளையும் எளிதாக்கும்.

நோய் முற்றி, விழுங்குதல் தளர்ந்து, உணவைக் கண்டு முகம் திருப்பும் நிலை வரும்போது, மூளைக்கு எரிபொருள் என்ற கணக்கை விட்டுவிட வேண்டும். நன்றாகப் பலனளித்து வந்த வீட்டிலும் அப்போது எம்.சி.டியை நிறுத்திவிடலாம். அந்தக் கட்டத்தில் அவர் எதை விரும்பி விழுங்குகிறாரோ அதுவே சரியான உணவு: குழைத்த பால்சோறாக இருக்கலாம், மசித்த வாழைப்பழமாக இருக்கலாம், சர்க்கரை சேர்த்த கஞ்சியாகவும் இருக்கலாம். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு கவளமாக, அவர் விழுங்கி முடித்த பின் அடுத்ததை ஊட்டுங்கள்.